மெலிவும் பொலிவும்

நாம் குடியிருக்கும் ராஸ்தா பேட்டையிலிருந்து புனே ரயில் நிலையத்திற்கு நடந்தே செல்வது நம் வழக்கம். அந்த வழியில் ஒரு கட்டடத்தின் மாடியில் பல ஆண்டுகளாக உடல் இளைப்பு நிலையம் ஒன்று நடந்து வந்தது. இடுப்பில் அகன்ற வாரை மாட்டி நிற்பவரை மின்சாரத்தால் குலுக்கும் இயந்திரங்கள் சன்னல் வழியே தெரியும். 2025-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவ்வியந்திரங்கள் கீழே இறக்கப்பெற்று, பழைய இரும்பு வாங்குபவரின் கைவண்டியில் ஏறிச் சென்றன. அடுத்த வாரமே வாசலில் புதிய பலகை ஏறியது. எடை, தோல், முகம், முடி, மணப்பெண் தொகுப்பு என ஐந்தும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருந்தன. எடைக்கும் முடிக்கும் என்ன உறவு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அன்று அலுவலகம் சென்றோம். அந்த உறவு யாது என்பதை ஆறே திங்களில் நம் இல்லமே நமக்குக் கற்பித்தது.

நாம் மருத்துவர் அல்லோம். பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்ததில்லை. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் பலவும் நம்மைப்போல் தென்பாண்டிச் சீமையிலிருந்தோ ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தோ இங்கு வந்து, ஒரு சம்பளத்தில் நான்கு கடமைகளைச் செய்து வருபவை என்பதை அறிவோம். அக்குடும்பங்களில் மணவயதுப் பெண்களும் இருப்பார்கள். ஆகவேதான் நம் இல்லத்துச் செய்தியை, நம் தங்கையின் இசைவைப் பெற்றே, இங்கு எழுதத் துணிந்தோம்.

தங்கைக்கு வயது 27. ஹடப்சர் பக்கத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுகிறாள். திங்கள் ஊதியம் ரூ. 28,000. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அப்போது எடை 66 கிலோ. குழந்தைப் பருவத்திலிருந்தே அவளைப் "பூசணி" என்று அழைத்து வந்தவர் நாம்தாம். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு ஆனித் திங்களில் முலுண்டிலிருந்து ஒரு குடும்பத்தார் பெண் பார்க்க வந்தனர். நல்ல மனிதர்கள், சோதிடமும் பொருந்தியது. திரும்பிச் சென்ற இரண்டாம் நாள் தரகர் தொலைபேசியில் அழைத்தார். "பெண் லட்சணமாயிருக்கிறாள் என்று சொன்னார்கள். சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாளாம். தை மாதத்திற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்றார்கள்" என்றார். அதற்கு நாம் என்ன மறுமொழி சொன்னோம்? "ஆமாம், ஆறு மாதம் இருக்கிறதே" என்றோம். தங்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பின்னரே தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் ஓர் அழகு நிலையத்தில் சேர்ந்துவிட்டாள். நாம் நடந்து செல்லும் வழியில் உள்ள நிலையம் அன்று. நகரின் வேறொரு பகுதியில் உள்ளது. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஆலோசனைக் கட்டணம் ரூ. 15,000 கட்டினாள். வாரம் ஓர் ஊசி. அதன் செலவு தனி. எடையைப் பார்த்தார்கள், நிழற்படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த ஊசியைப் பற்றி நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். ஆயினும் அது வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்வது தகும். நாம் உண்டவுடன் குடலில் ஒரு சுரப்பு எழுந்து, இரைப்பை மெல்லக் காலியாகும்படி செய்து, "போதும்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. அதற்கு ஜி.எல்.பி.-1 என்று பெயர். இயற்கையில் அது சில நிமிடங்களே உடலில் நிற்கும். அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கிலா என்னும் நச்சுப் பல்லியின் எச்சிலில், இதை ஒத்ததும் இதைவிட நெடுநேரம் நிற்பதுமான ஒரு பொருள் உண்டென்பதை 1992-இல் ஜான் எங் என்ற நியூயார்க் மருத்துவர் வெளியிட்டார். அதன் வழிவந்த நீரிழிவு மருந்து 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர், வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்னும் அளவுக்கு நெடிது நிற்கும் செமாகுளுடைடு உருவாயிற்று. அது நீரிழிவுக்கு 2017-இலும், உடற்பருமனுக்கு 2021-இலும் அங்கே அனுமதி பெற்றது.

2021-இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏறக்குறைய இரண்டாயிரம் பேரில் இம்மருந்தைப் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தனர். வெறும் ஊசி பெற்றவர்களுக்கு இரண்டரைப் பங்குகூடக் குறையவில்லை. மிகுந்த எடையும் இதய நோயும் உடையவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது 2023-இல் தெளிவாயிற்று. ஆகவே மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. நோயாளிக்கு அது பெரும் நன்மை.

நம் நாட்டிற்கு டிர்செபடைடு என்னும் இன்னும் வலிய மருந்து, மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தது. வந்தபோது சிறிய அளவுக் குப்பி ஒன்று ரூ. 3,500, அடுத்த அளவு ரூ. 4,375. வாரம் ஒன்று வீதம் திங்களுக்குப் பதினாலாயிரம், பதினேழாயிரத்து ஐந்நூறு என்று கணக்காகும். அதே ஆண்டு ஜூனில் செமாகுளுடைடும் வெகோவி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் செமாகுளுடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிவுற்றதால், உள்நாட்டு நிறுவனங்களும் அதைச் செய்து விற்க வழி திறந்தது. இனி விலை ஒரு தடையாயிராது. நம் போன்ற இல்லங்களின் கதவையும் அது தட்டும் என்பதாலேயே இவ்வளவு விரிவாகக் கூறுகிறோம்.

தங்கை ஐந்து திங்கள் ஊசி போட்டுக்கொண்டாள். முதல் திங்கள் சிறிய அளவு; பின் நான்கு திங்கள் அடுத்த அளவு. ஊசிக்கு மட்டும் ரூ. 84,000. நகைக்கென்று அவள் மூன்றாண்டுகளாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம் அவ்வளவும் இதில் கரைந்தது. முதல் வாரங்களில் குமட்டல். அன்னையார் ஆசையோடு செய்த சொதிக் குழம்பை எதிரே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் எடை குறைந்தது. 66 என்பது 57 ஆயிற்று. இல்லத்தில் எல்லோரும் மகிழ்ந்தோம். "பூசணி" என்னும் பெயரை விட்டுவிட்டு "முருங்கைக்காய்" என்று அழைக்கத் தொடங்கினோம். மனிதனின் நாக்கு எத்தனை மூடத்தனமானது!

கார்த்திகை பிறந்தபோது இரண்டு மாற்றங்கள் கண்ணிற்பட்டன. கன்னங்கள் ஒட்டி, கண்ணின்கீழ்க் குழி விழுந்து, 27 வயதுப் பெண் நாற்பதைத் தொட்டவள்போல் தோன்றினாள். குளியலறையில் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. இல்லாள் நம்மிடம் இரகசியமாக, "உங்கள் தங்கைக்கு ஏதேனும் பெரிய நோயோ? டாக்டரிடம் காட்டுங்கள்" என்றாள்.

அழகு நிலையத்தார் வியப்படையவில்லை. இது எதிர்பார்த்ததே என்றார்கள். எதிர்பார்த்திருந்தால் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டுமன்றோ? கன்னத்தை நிரப்ப ஊசிக்குழல் ஒன்றுக்கு ரூ. 25,000 வீதம் இரண்டு, மீதி முடிக்கும் தோலுக்கும், ஆக ரூ. 90,000 என்று அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளில் மணநாளிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி, எந்த வாரம் எந்த ஊசி என்பதையும் குறித்திருந்தார்கள். பலகையில் எடையும் முகமும் முடியும் ஏன் ஒன்றாக நிற்கின்றன என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒரு மேசையில் உண்டாகும் குறை, அடுத்த மேசைக்கு வாடிக்கையாகிறது.

இதன் உள்ளமைப்பைப் பின்னர் ஒரு மருத்துவர் நமக்கு விளக்கினார். முகத்தின் தோலுக்கடியில் கொழுப்பு சிறுசிறு மெத்தைகளாக அமைந்திருக்கிறது. இளமையின் பொலிவு என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அம்மெத்தைகளுடையது. எடை விரைந்து குறையும்போது வயிற்றுக் கொழுப்போடு இவையும் சுருங்குகின்றன. மேலுள்ள தோல் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. குறையும் எடையில் தசையும் ஒரு பங்கு. முடியின் செய்தி வேறு. உடல் திடீரென்று உணவு குறைந்ததை உணர்ந்தால் பல முடிகள் ஒருங்கே ஓய்வுநிலைக்குச் சென்று, இரண்டு மூன்று திங்கள் கழித்து உதிர்கின்றன. பெரும்பாலும் சில திங்களில் தாமாகவே முளைக்கும். தாமாக முளைக்கும் முடிக்கு நாம் பணம் கட்ட இருந்தோம்!

கன்னத்தில் நிரப்புவது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம் என்னும் பசை. உடலிலேயே உள்ள பொருள்தான். ஆறு முதல் பதினெட்டுத் திங்களில் கரைந்துவிடும். கரைந்தபின் மீண்டும் நிரப்ப வேண்டும். தேர்ந்த கையால் போட்டால் பெரும்பாலும் தீங்கில்லை. இரத்தக் குழாயினுள் தவறிப் புகுந்தால் தோல் அழியவும், அரிதாகக் கண்பார்வை போகவும் நேர்ந்திருக்கிறது.

முன்பு இத்தொழில்கள் தனித்தனியே இருந்தன. புருவம் திருத்த அழகு நிலையம். இளைக்க இளைப்பு நிலையம். படைக்குத் தோல் மருத்துவர். வெட்டிச் சீர்செய்ய அறுவை மருத்துவர். 1989-இல் டெல்லியில் தொடங்கிய வி.எல்.சி.சி. இளைப்பையும் அழகையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. 2002-இல் காயா தோல் நிலையங்கள் தோன்றி, மருத்துவரையே கடைத்தெருவுக்கு அழைத்து வந்தன. ஊசி வந்தபின் எஞ்சிய சுவர்களும் இடிந்தன. ஆரோக்கியம், நல்வாழ்வு என்னும் சொற்கள் இப்போது முகப்பூச்சு டப்பாவின் மேலும் ஏறிவிட்டன.

இந்தச் சீர்செய்யும் கலைக்குப் புனேயே ஒரு தாய்வீடு என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவோம்? மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய காவஸ்ஜி என்னும் மராத்தியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவர்கள் அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டனர். ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றித் திரிந்த அவருக்கு, புனேக்கு அருகில் செங்கல் சூளைத் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு அமைத்தார். மெழுகைத் தகடாக்கி, மூக்கிருந்த இடத்தில் பொருத்தி, அதை விரித்து நெற்றியில் வைத்து அளவு வரைந்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்து, அடிநுனி விடாமல் திருப்பிக் கீழே பொருத்தினார். நீரில் குழைத்த காசுக்கட்டி தடவிய துணியால் முதலில் கட்டினார். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் நெற்றியோடு இணைந்திருந்த நுனியை அறுத்தார். இதை ஆங்கில மருத்துவர் இருவர் நேரிற் கண்டனர். 1794 அக்டோபரில் லண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது. அதைப் படித்த கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814-இல் லண்டனில் அம்முறையைச் செய்து, 1816-இல் நூலாக்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் முகச்சீரமைப்பு அறுவைக்கு இது ஒரு முக்கியத் தொடக்கம்.

மூக்கிழந்தவருக்கு மூக்குக் கொடுத்தது தெய்வத் தொழில். அண்மைக் காலத்திலும் அத்தகைய சான்று உண்டு. எய்ட்ஸ் நோய்க்கு முற்காலத்தில் தந்த சில மருந்துகளால் நோயாளிகளின் கன்னக் கொழுப்பு கரைந்து, பார்த்தவுடன் நோயைக் காட்டிக்கொடுக்கும் முகமாகிவிடும். வேலையும் மதிப்பும் போகும். அவர்களுக்கென்றே ஸ்கல்ப்ட்ரா என்னும் ஊசிமருந்துக்கு 2004-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அது உடலே மெல்லக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை வளர்த்துக்கொள்ளத் தூண்டுவது. 2009-இல் அழகுக்காகவும் அதைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. நோய் கொண்டுபோன முகத்தைத் திருப்பித் தருவதற்காக வந்த மருந்துகூட, இன்று தாமே வலிந்து இளைத்தவரின் கன்னத்தைத் தேடிச் செல்கிறது. கலை மாறவில்லை, யார் தேடிவருகிறார் என்பது மாறிவிட்டது.

இனி நம் கதைக்கு வருவோம். ரூ. 90,000 நம்மிடம் ஏது? ஊழியர் கடன் சங்கத்தில் விண்ணப்பத் தாள் வாங்கி வந்தோம். இரண்டு ஜாமீன்தாரரும் கையெழுத்திட்டாயிற்று. திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தோம். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தார் இலவச மருத்துவ முகாம் நடத்தினர். தங்கையின் முடி உதிர்வைக் காட்டலாம் என்று அவளை அழைத்துச் சென்றோம். வரிசையில் நிற்கும்போது, "நீங்களும்தான் பார்த்துக்கொள்ளுங்களேன், அண்ணே" என்றாள். நமக்கென்ன? ஐந்தடி ஆறங்குலம்; 60 கிலோ. இருபது வயதில் தைத்த காற்சட்டை நாற்பதை நெருங்கும்போதும் பொருந்துகிறது என்று அலுவலகத்தில் பெருமை பேசுபவர் நாம். அவள் மனம் கோணாதிருக்க விரலை நீட்டினோம்.

தங்கைக்குச் சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இல்லை. நமக்கோ, மறுவாரம் செய்த சோதனையில் மூன்று திங்கள் சராசரிச் சர்க்கரை 7.4 என்று வந்தது. நீரிழிவு! அதற்கு முன்பே, முகாமில் மருத்துவர் நாடா கொண்டு நம் இடுப்பை அளந்தார். முப்பத்தாறு அங்குலம். காற்சட்டை தொப்பைக்குக் கீழே இறங்கிப் பொருந்திக்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். இந்திய ஆடவருக்கு 90 சென்டிமீட்டர், பெண்டிருக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேற்பட்டால் எச்சரிக்கை என்றார்.

"ஒல்லியாயிருக்கிறேனே, ஐயா!" என்று வாதாடினோம். அவர் சிரித்துக்கொண்டு, "உங்கள் தெருவிலேயே இதற்கு விடை கண்டிருக்கிறார்கள்" என்றார். ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையை நேயர்கள் அறிவார்கள். அங்குப் பணியாற்றிய மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் தம் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டனர். இருவருக்கும் உயரத்திற்கேற்ற எடையின் கணக்கு ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, இந்தியருக்கு 21.2! மெலிந்த தோற்றத்திற்குள் மறைந்த கொழுப்பு. புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வில், சராசரி 2.7 கிலோவே பிறந்த நம் குழந்தைகளிடமும், 3.5 கிலோ பிறந்த ஆங்கிலக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில், தசை பெரிதும் குறைந்தும் கொழுப்பு அவ்வளவு குறையாமலும் இருப்பதைக் கண்டார்கள். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர் பத்துக் கோடிக்கு மேல் என்றும், வயிற்றுப் பருமன் நூற்றுக்கு நாற்பது பேரிடம் என்றும் காட்டியது.

முகாமிலிருந்து வீடு திரும்பும் வழியில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஆறு திங்களாக வீட்டில் "கொழுத்தவள்" என்று கண்டிக்கப்பட்டவளுக்கு இரத்தம் தூயது, கண்டித்தவருக்கு நோய். அழகு நிலையத்தின் கண்ணாடி இதைக் காட்டாது. அங்கே நாம் சென்றிருந்தால், "உங்களுக்கு ஒன்றும் வேண்டுவதில்லை" என்று அனுப்பியிருப்பார்கள்.

அவளுக்கும் மருத்துவர் ஒரு சொல் சொல்லியிருந்தார். 66 கிலோ என்பது இந்தியக் கணக்கில் அவள் உயரத்திற்குச் சற்று மிகுதிதான். நடையும் உணவு ஒழுங்கும் வேண்டும். ஆயினும் நோய் ஏதுமின்றி அந்த எடையில் இந்த ஊசிக்கு இடமில்லை. அதற்கு எடைக்கணக்கு முப்பதைத் தொட வேண்டும், அல்லது சர்க்கரை, அழுத்தம் போன்ற நோயோடு இருபத்தேழையேனும் தொட வேண்டும். அவளுடையது இருபத்தேழுக்கும் கீழே. மேலும், ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. தைத் திங்களுக்காக ஊசி போட்டவளிடம், தைக்குப் பின் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

இரவு உணவுக்குப் பின் விண்ணப்பத் தாளை மேசைமேல் வைத்து, "நீ சொல்லம்மா, நாளை கொடுத்துவிடுகிறேன்" என்றோம். மனத்தில் கொடுக்கவேண்டாம் என்றே இருந்தது. ஆனால் மணம் தவறினால் பழி நம்மேல் வருமே என்ற அச்சமும் இருந்தது. தீர்மானத்தை அவள்மேல் போட்டோம்.

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். "அண்ணே, இளைக்கச் சொன்னபோது இளைத்தேன். இப்போது கன்னம் இல்லை என்கிறார்கள். கன்னம் வந்தபின் எதைக் கேட்பார்களோ?" என்றாள். சற்று நேரம் கழித்து, "இந்தப் பணத்துக்கு மாதம் எவ்வளவு பிடிப்பார்கள்?" என்றாள். சொன்னோம். "உங்கள் மருந்துக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் மிச்சம் என்ன?" என்றாள். அதற்கு நாம் விடை சொல்லவில்லை. அவளே தாளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

முலுண்டுக்காரர்களிடம் தரகர் வழியாக அன்றி, மாப்பிள்ளையிடம் தானே பேசினாள். ஊசி போட்டதையும், நிறுத்தியதையும், எடை திரும்பக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாராம். பத்து நாள் கழித்து, வேறு இடம் பார்த்திருப்பதாகத் தரகர் சொன்னார். நேயர்கள் இங்கே ஒரு நல்ல முடிவை எதிர்பார்க்கலாம். இன்னும் வரவில்லை. அன்னையார் இன்றும், "அந்தத் தொண்ணூறாயிரத்தைக் கட்டியிருந்தால் பெண் இந்நேரம் ஒரு வீட்டில் இருப்பாள்" என்று மாலை விளக்கேற்றும்போது முணுமுணுக்கிறார். அவர் சொல்வது பொய் என்று அடித்துச் சொல்ல நம்மால் இயலவில்லை. கட்டியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். அடுத்த ஆண்டும் அதன் அடுத்த ஆண்டும் அந்தக் கன்னத்தை யார் நிரப்புவார் என்பதுதான் நமக்கு விளங்காதது.

இப்போது அவள் எடை 61. முடி முளைத்துவிட்டது. கன்னம் பாதி திரும்பிவிட்டது. காலை ஐந்தரைக்கு அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடக்கிறோம். நடையில் அவள் முந்திவிடுகிறாள். நாம் மூச்சிரைத்துப் பின்செல்கிறோம். நாம் மாத்திரை உண்கிறோம். சோற்றைக் குறைத்துச் சோளரொட்டிக்கும் பயறுக்கும் பழகிவிட்டோம். அவளை இப்போது பெயர் சொல்லியே அழைக்கிறோம்.

உடல்நலம் என்னும் சொல்லுக்கு இந்த நகரம் வேறொரு பொருளையும் கண்டிருக்கிறது. பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்கார் 1937-இல் இளைஞராக இங்கு வந்து யோகம் கற்பிக்கத் தொடங்கி, 1975-இல் ராமாமணி நினைவு யோக நிலையத்தை நிறுவி, 2014-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். குழந்தைப் பருவத்தில் நோயால் நலிந்த உடம்பு அவருடையது. வளையாத முதுகுக்கும் வயோதிகருக்கும் நோயாளிக்கும் இயலும்படி மரக்கட்டையையும் வாரையும் நாற்காலியையும் துணைக்கருவியாக்கினார். நாம் அன்றாடம் பார்சல் ஏற்றும் தௌண்டு வழித்தடத்தில் உருளி என்ற நிலையம் இருக்கிறது. அதையடுத்த உருளி காஞ்சனில் 1946-இல் காந்தியடிகள் ஏழைக் கிராமத்தாருக்கென்றே இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கி வைத்தார்; இன்றும் நடக்கிறது. இவற்றால் எல்லா நோயும் தீரும் என்று நாம் கூறவில்லை. நமக்கு மாத்திரையும் வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே ஒருவன் கற்றுக்கொண்டு வீடு திரும்பினால், பிறகு தன் உடம்பைத் தானே பேணலாம். அடுத்த தவணைக்கு வரச்சொல்லும் தாள் அவன் கையில் இராது.

நேயர்களுக்கு, அனுபவத்தால் சில சொற்கள். இந்த ஊசி மருத்துவர் சீட்டின்றி வாங்கத் தகாதது. போடுமுன் இரத்தத்தையும் இடுப்பையும் பார்க்காத இடத்தில் போடலாகாது. எத்தனை நாள் போடவேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல்நாளே கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். உண்மையில் தேவையானவர், ஊசி என்று கேட்டு நாணவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. நீரிழிவுக்கும் பெரும் பருமனுக்கும் அது மருந்தே. மெலிந்தவர்கள் நலமாயிருக்கிறோம் என்று இறுமாந்திராமல் ஆண்டுக்கொருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வருவோர் எடையைப் பற்றிப் பேசினால் அண்ணன்மார் நம்மைப்போல் தலையாட்டிவிடாதீர்கள். அடுக்களை வாசலில் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சென்ற வாரம் அந்த மாடியின் பலகையில் மேலும் ஒரு சொல் ஏறியிருந்தது. என்னவென்று நின்று படிக்க நேரமில்லை. தங்கை இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.